சோழன் இல்லமும் கேர்ணல் போகியும்

1602 மே மாதக் கடைசியில் மட்டக்களப்புக் கடலில் ஒல்லாந்துக் கப்பல்கள் வந்து நங்கூரம் போட்டன. தலைவர் பெயர் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன். பள்ளிக்கூட வரலாற்றில் இவருக்கு ஒன்றரை வரி கிடைத்தால் பெரிய காரியம். கண்டி மன்னனைச் சந்தித்தார் என்று எழுதி, கீழே ஒரு கோடு கீறி, அடுத்த வினாவுக்குப் போய்விடுவோம். மனிசன் வாத்தியக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார் என்பது பரீட்சைக்கு வராத பகுதி.

கப்பலைக் கண்டு நம்ம பக்கத்து ஆட்கள் துள்ளிக் குதிக்கவில்லை. மட்டக்களப்பை ஆண்ட சிற்றரசருக்கு, வந்திருப்பது போர்த்துக்கேயரோ என்று சந்தேகம். அவரில் பிழை சொல்ல முடியாது. அதே தாடி, அதே தொப்பி, மிளகு என்ற சொல்லைக் கேட்டதும் கண்ணில் அதே வெளிச்சம். ‘நாங்கள் வேற கம்பனி’ என்று நம்பவைத்து ஸ்பில்பேர்கன் கண்டிக்குப் போய்ச் சேர ஜூலை ஆகிவிட்டது. விசா எடுப்பது அன்றைக்கும் லேசான வேலை இல்லை.

கண்டியில் இருந்தவர் முதலாம் விமலதர்மசூரியன். போர்த்துக்கேயரிடம் வளர்ந்து, அவர்களிடம் ஞானஸ்நானம் பெற்று, அவர்கள் கொடுத்த ‘டொன் ஜோன்’ என்ற பெயரோடு வந்து, கடைசியில் அவர்களுக்கே ஆப்பு வைத்தவர். அவருக்கு ஸ்பில்பேர்கன் கொண்டுபோன அன்பளிப்பைக் கவனியுங்கள்: ஒல்லாந்து இளவரசர் மோரிஸ் முழுக் கவசத்தோடு குதிரையில் வீற்றிருக்கும் படம். 1600 ஜூலை 2 அன்று நியூபோர்ட்டில் நடந்த சண்டையில் அவர் நின்ற கோலமாம். சண்டையில் மோரிஸ் வென்றது உண்மை. பிடிக்கப்போன ஊரைப் பிடிக்காமலே படையைத் திருப்பிக்கொண்டு போனதும் உண்மை. படத்தில் குதிரை மட்டும் தெரியும். அது எந்தப் பக்கம் திரும்பியது என்று தெரியாது. மன்னர் அதைத் தன் அறையிலேயே மாட்டிவைத்தார்.

பிறகு வியாபாரம். மன்னர் கறுவாவுக்குச் சொன்ன விலையைக் கேட்டு ஸ்பில்பேர்கனுக்குத் தலை சுற்றியது. உடனே பிளேட்டை மாற்றினார். ‘நாங்கள் கறுவாவுக்கும் மிளகுக்கும் வரவில்லை, எங்கள் இளவரசர் உங்கள் நட்புக்காகத்தான் அனுப்பினார்’ என்றார். மன்னர் உருகி, ஆளை அப்படியே தூக்கிக் கட்டிப்பிடித்து, இருக்கிற கறுவா மிளகெல்லாம் உமக்குத்தான் என்றார். நீங்கள் கோட்டை கட்டுவதென்றால் நானும் அரசியும் பிள்ளைகளும் கல்லும் சுண்ணாம்பும் தோளில் சுமப்போம் என்று வேறு சொல்லிவிட்டார். சந்தையில் ‘விலை கூட, எனக்கு வேணாம்’ என்று இரண்டு எட்டு நடந்து பார்க்கும் நம்ம பெண்கள் எவரும் இந்த அளவுக்குச் சாதித்ததில்லை.

விடைபெறும்போது ஸ்பில்பேர்கன் இரண்டு ஆட்களை மன்னரிடம் விட்டுவிட்டுப் போனார். எராஸ்முஸ் மார்ட்ஸ்பெர்கர் ஒருவர், ஹான்ஸ் ரெம்பல் மற்றவர். இருவரும் பல வாத்தியம் வாசிக்கத் தெரிந்தவர்கள். மன்னருக்கு அவர்கள் வாசிப்பில் அவ்வளவு ஆசை. ஆக, இந்தத் தீவின் கிழக்குக் கரையால் உள்ளே வந்த ஐரோப்பிய வரலாற்று இசையின் முதல் தவணை இதுதான்: பாதி வென்ற சண்டையின் படம் ஒன்று, வாத்தியக்காரர் இருவர். சாம்பிளாகக் கொடுத்தது.

(அடுத்து வந்த ஒல்லாந்தர் செபால்ட் டி வீர்ட். இவர் நல்லாகக் குடித்துவிட்டு, மன்னரிடமே அரசியைப் பற்றி வாய்க்கு வந்ததைச் சொன்னார். 1603 ஜூனில் மட்டக்களப்பிலேயே கதை முடிந்தது. அவரோடு சுமார் ஐம்பது பேரும் போனார்கள். முதல் ஆள் கொடுத்தது இசை. இரண்டாம் ஆள் கொடுத்தது அபஸ்வரம்.)

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், நாட்டு வரலாற்றைத் தூக்கி டிரம்பெட்டில் ஊதும் பழக்கம் உலகத்தில் ஒரு பெரிய தொழில். ‘கொன்சேர்ட் பாண்ட்’ என்பார்கள். வயலின்காரர்கள் இல்லாமல் ஊதுகிறதும் அடிக்கிறதுமாக ஐம்பது அறுபது பேர். யுத்தம், புரட்சி, சுதந்திரம், மாவீரர் நினைவு என்று எதைக் கொடுத்தாலும் ஊதித் தள்ளிவிடுவார்கள். கேட்டால் மயிர் கூச்செறியும். ஆனால் அந்த இசை பிறந்த கதையைக் கிண்டினால் வரலாறு பின்கதவால் போய்விடும். முன்வாசலில் காசு, கோபம், பெருமை, ஒரு நல்ல மெட்டு ஆகிய நால்வர் மட்டும் நிற்பார்கள். இந்த நால்வரிலும் மோசமான கட்சி தாவி மெட்டுத்தான்.

நம்பாதவர்கள் திருகோணமலைக்கு வாருங்கள். 1800 கடைசியில் அங்கே ஆதர் வெல்லஸ்லி என்ற ஆங்கிலத் தளபதி படையோடு காத்துக்கொண்டு நின்றார். திப்பு சுல்தானின் சீரங்கப்பட்டினத்தை விழுத்திய படையில் இருந்தவர். முதலில் ஜாவாவுக்குப் போ என்றார்கள். பிறகு எகிப்துக்குப் போ என்றார்கள். அதற்குள் தலைமையைப் பறித்து பெயர்ட் என்பவரிடம் கொடுத்துவிட்டார்கள். இடமாற்றக் கடிதம் வந்த அரசாங்க உத்தியோகத்தர் போல வெல்லஸ்லி கொதித்துக்கொண்டு பம்பாய் போனார். அங்கே காய்ச்சல். அது போக உடம்பெல்லாம் சொறி. வைத்தியர் நைத்திரிக் அமிலம் கலந்த தண்ணீரில் குளிக்கவைத்தார். அவர் ஏறிப் போயிருக்க வேண்டிய கப்பல் போகும் வழியில் ஆட்களோடு மூழ்கிப்போனது. சொறியால் தப்பிய இந்த மனிசன்தான் பிற்காலத்து வெலிங்டன் பிரபு.

1813 ஜூன் 21 அன்று ஸ்பெயினில் வித்தோரியா என்ற இடத்தில் வெலிங்டன் நெப்போலியனின் அண்ணன் யோசேப்பின் படையை அடித்து விரட்டினார். யோசேப்பு மன்னர் தட்டுமுட்டுச் சாமான்களை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். வென்ற படை எதிரியைத் துரத்தாமல் பெட்டிகளைத் திறக்கத் தொடங்கிவிட்டது. ஒரு குதிரைப்படைப் பிரிவுக்குக் கிடைத்தது மன்னரின் வெள்ளி மூத்திரச் சட்டி. அந்தப் படைப்பிரிவின் வாரிசுகள் இன்றும் அதைக் காத்துவைத்து, விருந்து நாட்களில் ஷாம்பெயின் ஊற்றிக் குடிக்கிறார்கள். வித்தோரியாவைப் பற்றி ஐரோப்பாவின் மிகப் பெரிய இசைமேதை ஒரு படைப்பு எழுதினார். சட்டி அதில் வராது.

இசைமேதை யார் தெரியுமா? பீத்தோவன். ஆம், அவரே. ஒன்பது வருடத்துக்கு முன் நெப்போலியனைப் புகழ்ந்து ஒரு சிம்பொனி எழுதி, ஆள் தன்னைத்தானே சக்கரவர்த்தி ஆக்கிக்கொண்டதும் பெயரை வெட்டி எறிந்தவர். இப்போது நெப்போலியன் தோற்ற கட்சிக்காரர். வெலிங்டனுக்குப் பாட்டு.

அதிலும் ஒரு கூத்து. இந்த ‘வெலிங்டனின் வெற்றி’ முதலில் மனிதர் வாசிப்பதற்கு எழுதப்படவில்லை. மெல்ட்சல் என்றொரு இயந்திரப் பைத்தியம் வியன்னாவில் இருந்தார். மெட்ரோனோமைப் பெயர் எடுக்கவைத்தவர் இவர்தான். ஒரு முழு இராணுவ பாண்டைத் தானே வாசிக்கும் பெட்டி ஒன்று செய்திருந்தார். சாவி கொடுத்தால் டிரம்பெட், புல்லாங்குழல், மேளம் எல்லாம் அதுவே முழங்கும். இரவு பன்னிரண்டு மணிக்கும் சத்தம் குறையாத திருவிழா சவுண்ட் சிஸ்டத்தின் பாட்டன். ‘இதில் போட வெலிங்டன் சண்டையை எழுதித் தாரும், லண்டனுக்குக் கொண்டுபோய் அள்ளுவோம்’ என்றார். பெரிய ஆளும் ஆமென்றார். காசு அவ்வளவு இறுக்கம்.

லண்டனுக்குப் போகவே காசு வேண்டுமே. அதனால் அதை ஓர்கெஸ்ட்ராவுக்கு மாற்றி, 1813 டிசம்பர் 8 அன்று வியன்னாவில், காயப்பட்ட போர்வீரருக்கான நிதிக் கச்சேரி என்று போட்டார்கள். ஒரு பக்கம் ஆங்கிலேயர் டிரம்ஸ், மறுபக்கம் பிரெஞ்சு டிரம்ஸ். பீரங்கிச் சத்தத்துக்குப் பொறுப்பாக நின்றவர் சாலியேரி. மொசாட்டைக் கொன்றார் என்று சினிமா வரைக்கும் பெயர் கெட்ட அதே பாவம் மனிசன். பெரிய மேளத்தில் நின்ற இளைஞர் மயர்பீர். எப்போதும் ஒரு அடி பிந்தி அடிக்கிறான் என்று பீத்தோவன் அவரைத் திட்டித் தீர்த்தார். திட்டியவருக்கு அப்போது காது ஏறக்குறையக் கேட்காது.

அதே மேடையில் அன்றைக்கு ஏழாவது சிம்பொனியும் முதன்முதலாக அரங்கேறியது. இன்றைக்கு உலகம் தலையில் வைத்துக் கொண்டாடுவது அதைத்தான். அன்றைய சனமோ பீரங்கி விட்ட பாட்டுக்குத்தான் கூடுதலாக ஆர்ப்பரித்தது. கொஞ்ச நாளில் பீத்தோவனும் மெல்ட்சலும் ‘பாட்டு யாருக்குச் சொந்தம்’ என்று வழக்குக்குப் போனார்கள். பீத்தோவன் இங்கிலாந்து இளவரசருக்கு ஒரு பிரதி அனுப்பினார். ‘கிடைத்தது’ என்று ஒரு துண்டுக் கடிதம்கூட வரவில்லை. பீத்தோவன் அதைப் பல வருடம் மறக்கவில்லை. ஒரு விமர்சகர் இந்தப் படைப்பு மோசம் என்று எழுதியபோது, தான் கழிவறையில் விடுவதும் அவர் மூளையில் உதிப்பதைவிட உயர்ந்தது என்ற கருத்தில் ஓரத்தில் கிறுக்கிவைத்தார். அந்த வெள்ளிச் சட்டி ஒருவழியாகப் படைப்புக்குள் வந்துவிட்டது.

மெட்டைக் கவனியுங்கள். பிரெஞ்சுப் படைக்கு அடையாளமாக பீத்தோவன் எடுத்தது ஒரு பழைய பிரெஞ்சு நையாண்டிப் பாட்டு. மார்ல்பரோ என்ற ஆங்கிலத் தளபதி சண்டைக்குப் போய்ச் செத்துப்போனான் என்று கேலி செய்கிற பாட்டு. அதே மெட்டை ஆங்கிலேயர் என்ன செய்தார்கள்? ‘ஹீ இஸ் எ ஜொலி குட் ஃபெலோ’ ஆக்கிக்கொண்டார்கள். கொழும்புக் கிளப்புகளில் எத்தனை துரைமார் ஓய்வுபெற்றுப் போகும்போது கிளாஸைத் தூக்கி அதைப் பாடியிருப்பார்கள்! எதிரி தங்களைச் சாகச் சொல்லிப் பாடிய மெட்டில் பிரியாவிடை. மெட்டுக்கு வெட்கமே இல்லை.

சைகோவ்ஸ்கியிடம் வருவோம். ‘1812’ என்றால் உலகத்தில் பாண்ட் கேட்கத் தெரிந்த எவருக்கும் நெஞ்சு விரியும். நெப்போலியன் ரஷ்யாவுக்குள் வந்து, பனியில் விறைத்து, வாலைச் சுருட்டிக்கொண்டு போன கதை. கடைசியில் பதினாறு பீரங்கி வெடி, நோட்டிலேயே எழுதிவைத்திருக்கிறார். எழுதியவருக்குப் பெருமையா என்றால், தன் புரவலரான பொன் மெக் சீமாட்டிக்கு எழுதிய கடிதத்தில், இது ஒரே சத்தமாக இருக்கும், நான் இதை அன்போடு எழுதவில்லை, அதனால் கலைமதிப்பும் இராது என்று முன்கூட்டியே கையைக் கழுவிவிட்டார். சொல்லிச் செய்த வேலை. ஆறு கிழமைக்குள் முடித்துக் கொடுத்தாயிற்று. எழுதியவர் கைவிட்ட பிள்ளைதான் வீட்டைக் காப்பாற்றுகிறது.

அதற்குள் இருக்கும் வரலாற்றைப் பாருங்க. ரஷ்யர்கள் ‘கடவுளே சார் மன்னரைக் காப்பாற்றும்’ என்ற தேசிய கீதத்தோடு வெல்கிறார்கள். அந்தக் கீதம் பிறந்தது 1833 இல். பிரெஞ்சுக்காரர் ‘மார்செய்யேஸ்’ பாடிக்கொண்டு வருகிறார்கள். நெப்போலியன் சக்கரவர்த்தியாக இருந்தபோது அந்தப் புரட்சிப் பாட்டைக் கிட்டவே எடுக்கவில்லை. அது மறுபடி தேசிய கீதமானது 1879 இல். சைகோவ்ஸ்கி எழுதியது 1880. அதாவது 1812 ஆம் ஆண்டுச் சண்டையில் இரண்டு பக்கமும் அன்றைய பேப்பர் பார்த்துவிட்டு வந்து நிற்கிறார்கள். ராஜராஜ சோழன் படத்தில் அரசர் கையில் வோட்ச் கட்டியிருந்தால் நாங்கள் தியேட்டரைக் கிழித்திருப்போம். ‘1812’ க்கு எழும்பி நின்று கைதட்டுகிறோம்.

1917 இல் சார் மன்னரே போனார். சோவியத் ஆட்சிக்குப் பெரிய தலையிடி: பாட்டு வேண்டும், மன்னர் வேண்டாம். எனவே மன்னர் கீதத்தை வெட்டிவிட்டு, கிளிங்கா எழுதிய ஒரு பாடலைச் செருகினார்கள். அந்தப் பாடல் வரும் இசைநாடகத்துக்கு கிளிங்கா காலத்தில் பெயர் ‘சாருக்காக ஓர் உயிர்’. அதையும் பெயர் மாற்றி வைத்திருந்தார்கள். மன்னரை வாசலால் துரத்தி, யன்னலால் கூட்டிவந்த கதை.

வெற்றிக்கு நன்றியாக மொஸ்கோவில் கட்டிய பேராலயத்தின் கதை இன்னும் விசேஷம். 1812 இல் ஆணை. 1883 இல் திறப்பு. எழுபது வருடம்! நம்ம ஊர்ப் பாலங்களைப் பற்றி இனி யாரும் குறை சொல்லக் கூடாது. 1882 இல் ‘1812’ அரங்கேறியபோது ஆலய வேலை முடியவில்லை. ஆலயம் திறக்கும் முன்பே வாசித்துவிட்டார்கள். 1931 இல் ஸ்டாலின் ஆலயத்தையே குண்டு வைத்துத் தகர்த்தார். பிறகு அந்த இடத்தில் பெரிய நீச்சல் தடாகம். பிறகு மறுபடி ஆலயம். இவ்வளவுக்கும் நடுவில் பாட்டு அமெரிக்காவுக்குப் போய், ஜூலை 4 சுதந்திர தினத்தில் வாணவேடிக்கையோடு வாசிக்கிற பாட்டாகிவிட்டது. அமெரிக்காவுக்குச் சுதந்திரம் வாங்கித் தர உதவிய நாடு பிரான்ஸ். அந்தப் பிரான்ஸ் உதை வாங்குகிற பாட்டைப் போட்டு நன்றி சொல்கிறார்கள்.

பிரெஞ்சுக்காரருக்கு ஏமாற்றம் என்று நினைக்க வேண்டாம். இந்தத் தொழிலைத் தொடங்கிவைத்ததே அவர்கள்தான். 1789 இல் பாரிஸில் புரட்சி வெடித்ததும் சாரெத் என்ற இளம் அதிகாரி நாற்பத்தைந்து வாத்தியக்காரரைச் சேர்த்து தேசியக் காவல்படை பாண்ட் ஒன்று அமைத்தார். வீணை, வயலின் எல்லாம் அரண்மனை அறைக்குச் சரி. தெருவில் இலட்சம் பேருக்குக் கேட்க ஊதித்தானே ஆகவேண்டும்? அந்தக் கூட்டம்தான் வளர்ந்து 1795 இல் பாரிஸ் இசைக் கல்லூரியானது. மன்னரின் தலையை வெட்டிய கையோடு கிளாரினெட்டுக்கு சம்பளப் பட்டியல் போட்ட ஒரே நாடு.

அந்தப் பரம்பரையில் வந்தவர் பெர்லியோஸ். எனக்கு இந்த மனிசனில் தனி அன்பு. 1830 ஜூலைப் புரட்சியில் இறந்தவர்களின் எச்சங்களை பஸ்தீல் சதுக்கத்துத் தூணின் கீழ் கொண்டுபோய் வைக்கிற விழாவுக்கு, 1840 இல் அரசாங்கம் அவரிடம் இசை கேட்டது. பத்தாயிரம் பிராங். பெர்லியோஸ் சின்னதாக யோசிக்கத் தெரியாதவர். இருநூறு பேர் கொண்ட இராணுவ பாண்ட் சேர்த்தார். ஜூலை 28. சுடுகிற வெயில். தேசியக் காவல்படைச் சீருடை போட்டு, உருவிய வாளையே கோலாக்கி, பின்பக்கமாக நடந்துகொண்டே பாரிஸ் தெரு நீளத்துக்கு நடத்திக்கொண்டு போனார். பின்பக்கமாக! தவறி ஒரு குதிரைச் சாணத்தில் கால் வைத்திருந்தால் பிரெஞ்சு இசை வரலாறே வேறு.

சதுக்கத்துக்கு வந்தாயிற்று. உச்சக்கட்ட வெற்றிப் பகுதி ஆரம்பம். அந்த நேரம் பார்த்து, காலையிலிருந்து வெயிலில் நின்று காய்ந்த காவல்படைக்குப் பொறுமை முடிந்துவிட்டது. ஐம்பது மேளத்தை டமடம என்று அடித்துக்கொண்டு அணிவகுத்து வீட்டுக்குப் போகத் தொடங்கினார்கள். இருநூறு பேர் ஊதியதில் ஒரு ஸ்வரம் ஒருவர் காதிலும் விழவில்லை. இப்படி நடக்கும் என்று தெரிந்தோ என்னவோ, பெர்லியோஸ் முன்கூட்டியே முக்கியமான ஆட்களை ஒத்திகைக்குக் கூப்பிட்டுக் கேட்கவைத்திருந்தார். வாத்தியக்காரருக்குக் கொடுத்தது போக அவர் பைக்கு வந்தது இரண்டாயிரத்து எண்ணூறு பிராங். ஆனாலும் இன்றுவரை கொன்சேர்ட் பாண்ட் உலகத்தின் முதல் மகா காவியம் இதுதான் என்கிறார்கள். அரங்கேற்றத்தில் யாரும் கேட்காத காவியம்.

பெர்லியோஸ் நம்ம பக்கத்தில் பிறந்திருந்தால் நல்ல அண்ணாவியார் ஆகியிருப்பார். எங்கள் வடமோடிக் கூத்தைப் பாருங்க. மத்தளமும் சல்லரியும் ஏறும்; கரப்புடுப்பும் கிரீடமுமாக அரசன் வருவான். வந்ததும் சண்டை போடுவானா? தான் யார், தன் தேசம் எது, தன்னை எதிர்த்தவன் கதி என்ன என்று வரவுப் பாட்டு முழுக்கத் தன்னைத்தானே புகழ்ந்து வட்டமாக ஆடுவான். மறுகா அடுத்த அரசன் வருவான்; அவனும் அதே. விடியும்வரை சனம் பாயைப் போட்டு இருந்து பார்க்கும், இடையில் உறங்கும், எழும்பும். யாரும் தனிமேளம் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவதில்லை. ஐரோப்பியர் இதைத்தான் கோட் போட்டு, நோட்டு எழுதி, டிக்கெட் விற்றார்கள்.

மெட்டின் கட்சி தாவலுக்குத் திரும்பி வருகிறேன். தமிழ்நாட்டில் மணலி என்ற ஊரில் முதலியார் ஒருவரின் ஆதரவில் தீட்சிதர் குடும்பம் இருந்தது. முதலியார் பிள்ளைகளைச் சென்னைக் கோட்டைக்குக் கூட்டிப்போய் கிழக்கிந்தியக் கம்பனியின் பாண்ட் வாசிப்பதைக் கேட்கவைத்தார். தம்பி பாலுஸ்வாமி வயலினைப் பிடித்துக்கொண்டார். கர்நாடகக் கச்சேரியில் இன்றைக்கு வயலின் இருப்பது அதனால்தான். அண்ணன் முத்துஸ்வாமி தீட்சிதர் மெட்டுகளைப் பிடித்துக்கொண்டார். கம்பனிச் சிப்பாய் கால் மாற்றி நடந்த மெட்டுகளில் கணபதிக்கும் அம்பாளுக்கும் சமஸ்கிருத சாகித்தியம். நோட்டுஸ்வரம் என்பார்கள், நாற்பது வரை இருக்கின்றன. ‘கடவுளே ராஜாவைக் காப்பாற்றும்’ என்ற இங்கிலாந்துக் கீதத்தின் மெட்டில், ‘எப்போதும் என்னைக் காப்பாற்று’ என்று சியாமளையை வேண்டும் ‘சந்ததம் பாஹிமாம்’. ராஜாவுக்குப் போன மனுவைச் சத்தமில்லாமல் அம்பாளுக்கு டைரக்ட் பண்ணிவிட்டார்.

சுதந்திரப் போராட்டம் என்றால் இதைச் சொல்ல வேண்டும். ஆனால் இங்கிலாந்துக்காரரும் உரிமை கேட்க முடியாது. அதே மெட்டுத்தான் பிரஷ்யாவின் கீதமாகவும் இருந்தது. அமெரிக்கருக்கும் ஒரு நாட்டுப்பற்றுப் பாட்டு. லீக்டன்ஸ்டைனுக்கு இன்றும் தேசிய கீதம். 2003 இல் இங்கிலாந்தும் லீக்டன்ஸ்டைனும் உதைபந்தாட்டத்தில் மோதியபோது ஒரே மெட்டில் இரண்டு கீதம் வாசித்தார்கள். முதலாம் உலகப் போரில் ஜெர்மன்காரரும் ஆங்கிலேயரும் அதே மெட்டைப் பாடிக்கொண்டு ஒருவரை ஒருவர் சுட்டார்கள். ஸ்ருதி சுத்தமாகச் சாவதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும்.

நம்ம மட்டக்களப்பிலும் இந்தக் கதை உண்டு. போர்த்துக்கேயர் 1628 இல் கோட்டை கட்டினார்கள். பத்தே வருடத்தில், 1638 இல், ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். வென்றது ஒல்லாந்தர். ஆனால் மட்டக்களப்புப் பறங்கியர் கல்யாண வீட்டில் வயலினும் றபானும் ஏறி ‘கஃப்றிஞ்ஞா’ தொடங்கினால் வாயில் வருவது போர்த்துக்கேயக் கிரியோல். ஒல்லாந்து இரத்தம் ஓடுகிற கால்களும் அதற்கே ஆடும். பீரங்கியால் துரத்தியவர்களைப் பாட்டு பின்கதவால் கூட்டிவந்து நடுவீட்டில் இருத்திவிட்டது.

இனி நம்ம பெரியகல்லாற்றுக்கு வருவோம். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் கல்முனை றோட்டு. வருடத் தொடக்கம் என்றால் இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் இல்ல விளையாட்டுப் போட்டி. சேரன் இல்லம், சோழன் இல்லம், பாண்டியன் இல்லம் என்று கூடாரங்கள். பனையோலைக் கோட்டை, அட்டைப் புலி, கடுதாசி மீன். பிரதம அதிதி ஒன்றரை மணித்தியாலம் பிந்தி வருவார். ‘பாண்ட் வாத்தியம் முழங்க அதிதிகள் மாலை அணிவித்து வரவேற்கப்பட்டனர்’ என்று மறுநாள் பேப்பரில் வரும். அந்தச் சோழன் இல்லப் பிள்ளைகள், ஆயிரம் வருடத்துக்கு முன் இந்தத் தீவையே பிடித்த பெருமையோடு நெஞ்சை நிமிர்த்தி அணிநடை வருகையில் பாண்டில் ‘கேர்ணல் போகி’ ஏறினால் போதும். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

ஏனென்றால் அந்த மார்ச் பிறந்தது கோல்ஃப் மைதானத்தில். 1914 இல் ரிக்கெட்ஸ் என்ற பிரிட்டிஷ் பாண்ட் மாஸ்டர், அல்ஃபோர்ட் என்ற புனைபெயரில் எழுதியது. கோல்ஃப் விளையாடும்போது முன்னால் நிற்பவரை விலகச் சொல்லி ஒரு துரை கத்தாமல் இரண்டு ஸ்வரத்தில் விசிலடிப்பாராம். அந்த விசில்தான் முதல் இரண்டு ஸ்வரம். இலங்கையில் அதற்கு இன்னொரு தொடர்பும் உண்டு. ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படத்தில் தாய்லாந்துச் சிறைக் கைதிகள் அதை விசிலடித்துக்கொண்டு வருவார்களே, அந்தத் தாய்லாந்து நம்ம கித்துல்கலதான். ஏன் பாடாமல் விசிலடித்தார்கள்? சிப்பாய்கள் அதற்குக் கட்டிய சொற்கள் ஹிட்லரின் அந்தரங்க உறுப்பைப் பற்றியவை, தணிக்கை விடாது. கோல்ஃப் விசில், கெட்டவார்த்தை, கித்துல்கல. மூன்றும் சேர்ந்து ராஜேந்திர சோழனை மைதானம் சுற்றிக் கூட்டிவருகின்றன. பிள்ளைகளின் கால் மட்டும் பிசகுவதே இல்லை.

வாவிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1848 இல் மாத்தளையில் கலகம். கண்டிப் பக்கம் இராணுவச் சட்டம். அந்தச் செப்டெம்பரில் குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட், அரசாங்கத்தின் இரண்டாவது பெரிய தலை, எங்கே இருந்தார்? மட்டக்களப்பு வாவியில், இரவில், தோணியில் காதை வைத்துப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். மீனவர்கள் அது ஊரி போடுகிற சத்தம் என்றார்கள். அவரும் அதையே எழுதிவைத்தார். பெயர் எடுத்ததோ ‘பாடும் மீன்’. பாடியவருக்கு ஒன்று, பெயர் எடுத்தவருக்கு ஒன்று. இது சங்கீத உலகத்தில் புதிதில்லை.

கடைசியாக, நாட்டின் கீதம். சுதந்திரத்துக்கு முன் ஒரு போட்டி வைத்தார்கள். ஒரு பாட்டுக்கு முதற்பரிசு. எழுதியவர் இலங்கசிங்க, மெட்டமைத்தவர் லயனல் எதிரிசிங்க. தேர்வுக் குழுவில் இருந்தவர்களில் இலங்கசிங்கவும் லயனல் எதிரிசிங்கவும் உண்டு. பரிசு கொடுத்த கையும் வாங்கிய கையும் ஒரே உடம்பில். 1948 பெப்ரவரி 4 காலையில் அது வானொலியில் ஒலித்தது. சனம் ஒரு மாதிரி முகத்தைச் சுளித்தது. 1951 இல் ஆனந்த சமரக்கோன் 1940 இலேயே எழுதிவைத்த ‘நமோ நமோ மாதா’ கீதமாயிற்று. பத்து வருடம் கழித்து, முதல் சொற்களின் எழுத்துக் கணம் நாட்டுக்குக் கூடாது, இரண்டு பிரதமர்கள் போனது அதனால்தான் என்று சாத்திரம் சொல்லி, எழுதியவரின் சம்மதம் இல்லாமல் தொடக்கத்தை மாற்றினார்கள். அந்த மனிசன் மனமுடைந்து அடுத்த வருடமே இறந்துபோனார். இதில் மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

மெட்டு அதே மெட்டு. பண்டிதர் நல்லதம்பி தமிழாக்கினார். சொல் மாறியது, ஸ்வரம் ஒன்றும் மாறவில்லை. தமிழில் பாடலாமா கூடாதா என்று அதன் பிறகு நடந்த சண்டையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2016 சுதந்திர தினத்தில் தமிழிலும் பாடினார்கள். 2020 இல் பாடவில்லை. பேப்பர்களுக்கு இரண்டு முறையும் தலைப்பு கிடைத்தது. ஆனால் பாண்டில் வாசிக்கும்போது கவனித்திருக்கிறீர்களா? சொல் இல்லை. கிளாரினெட் ஊதுகிறது, சைட் டிரம் உருள்கிறது, எல்லாரும் எழும்பி நிற்கிறோம். வாசித்தது சிங்களமா தமிழா என்று ஒருவராலும் சொல்ல முடியாது. எந்த மொழியில் எழும்பி நின்றாய் என்று விளக்கம் கேட்டு இன்னும் சுற்றறிக்கை வரவில்லை. வந்தால், யோசனை கொடுத்தது நான்தான் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள்.